கருப்பூர் குழி, சித்தம்பூண்டி பட்டை: குரோமைட்டை ஏன் விட்டுட்டுப் போனாங்க?

(ஆடியோ எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடை அங்கங்கே அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

பொள்ளாச்சியிலிருந்து பேசுறேன். இன்னைக்குக் கொங்கு நாட்டுக் கல்லைப் பத்தின எபிசோடு. கல்லுன்னா கல்வெட்டு இல்லை, நடுகல் இல்லை. வெறும் பாறை. அதுவும் தோண்டி எடுத்து, கப்பல் ஏத்தி, அப்புறம் "வேண்டாம்"னு விட்டுட்டுப் போன ஒரு பாறை.

உங்க வீட்டு எவர்சில்வர் டம்ளர்ல இருந்து ஆரம்பிக்கலாம். அது துருப்பிடிக்காததுக்குக் காரணம் குரோமியம். இரும்போட குறைந்தது பத்தரை சதவீதம் குரோமியம் கலந்தால், மேல்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஆக்சைடு படலம் உருவாகும். கீறல் விழுந்தாலும் அந்தப் படலம் தானாகவே மறுபடி வளர்ந்துக்கும். நல்ல தரமான பாத்திரத்தில் 18 சதவீதம் வரைக்கும் குரோமியம் இருக்கும். உலகத்தில் தொழிற்சாலைக்குப் போற குரோமியம் மொத்தமும் ஒரே தாதுவிலிருந்துதான் வருது. அதன் பேர் குரோமைட்.

இப்ப மேப்பைத் திறந்து சேலத்தைப் பாருங்க. நகரத்துக்கு மேற்கே கஞ்சமலை, அது பக்கத்தில் சேலம் உருக்காலை. 1970 செப்டம்பரில் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். 1980களின் தொடக்கத்திலிருந்து அங்கே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு வருது. இதே சேலத்துக்கு வடக்கே, பெங்களூரு ரோட்டில் போனால் கருப்பூர். அங்கே குரோமைட் இருக்கு. தெற்கே நாமக்கல் மாவட்டத்தில் சித்தம்பூண்டி. அங்கேயும் குரோமைட் இருக்கு. ஆனா இந்தியாவின் குரோமைட்டில் ஏறக்குறைய எல்லாமே ஒடிசாவின் சுகிந்தா பள்ளத்தாக்கிலிருந்துதான் கிடைக்குது. ஆலை பக்கத்தில், தாதும் பக்கத்தில், ஆனா குரோமியம் மட்டும் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால்.

ஏன்? இந்த ஒரு கேள்விதான் இன்னைக்கு முழுக்க.

நிறத்துக்காகப் பிறந்த உலோகம்

1797இல் பாரிஸில் வோக்லன் என்கிற வேதியியலாளர், சைபீரியாவிலிருந்து வந்த ஒரு சிவப்புக் கனிமத்தை ஆராயும்போது குரோமியத்தைக் கண்டுபிடித்தார். அதன் சேர்மங்கள் மஞ்சள், ஆரஞ்சு, பச்சைன்னு விதவிதமான நிறம் காட்டின. அதனால் நிறம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பேர் வைத்தார்கள். முதல் நூறு வருஷம் இந்த உலோகத்துக்கும் உருக்குக்கும் பெரிய சம்பந்தம் கிடையாது. பெயின்ட்டுக்கு குரோம் மஞ்சள், துணியில் சாயம் நிலைக்க பைகுரோமேட், இவ்வளவுதான் தேவை. மான்செஸ்டரிலும் கிளாஸ்கோவிலும் துணி ஆலைகள் வெறித்தனமாக வளர்ந்த காலம் அது. சாயத்துக்கு குரோமியம் வேணும், குரோமியத்துக்குக் கறுப்புக் கல் வேணும்.

தோல் பதனிட குரோமியம் வந்தது 19ஆம் நூற்றாண்டின் கடைசியில். சென்னையில் குரோம்பேட்டைன்னு ஒரு ஏரியா இருக்கே, மின்சார ரயிலில் நூறு தடவை கடந்திருப்பீங்க. 1912இல் தொடங்கிய குரோம் லெதர் கம்பெனியால் வந்த பேர் அது. நம்ம ஊர் ஸ்டேஷன் போர்டில் ஒரு தனிமத்தின் பேரை எழுதி வச்சிருக்கோம், யாரும் கவனிக்கறதில்லை.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இதுக்கெல்லாம் கடைசி. 1913இல் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி உருக்கிப் பார்த்தது. அதாவது கருப்பூரில் குரோமைட் தோண்டிய காலத்தில் எவர்சில்வர் டம்ளர் என்கிற யோசனையே உலகத்தில் கிடையாது. இதை மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

கருப்பூர்: வெள்ளைக்குள் கறுப்பு

சேலத்திலிருந்து ஓமலூர் போற வழியில், வலது பக்கம் வெள்ளை வெளேர்னு குவியல்கள் தெரியும். ஆங்கிலேயர்கள் "சாக் ஹில்ஸ்"னு பேர் வச்சாங்க. ஆனா அது சுண்ணாம்பு இல்லை, மேக்னசைட். ஊர்க்காரங்க வெள்ளைக்கல்லுன்னு சொல்வாங்க. உலைகளின் உள்சுவர்ச் செங்கலுக்காக நூறு வருஷத்துக்கும் மேலாக அங்கே வெட்டி எடுத்துட்டிருக்காங்க.

அந்த வெள்ளைக்கல் எப்படி வந்துச்சுன்னு புரிஞ்சாதான் குரோமைட் புரியும். மலையின் அசல் பாறை வெள்ளை கிடையாது. அது டூனைட், மங்கலான பச்சைப் பாறை. கிட்டத்தட்ட முழுக்க ஆலிவின் என்கிற மெக்னீசியக் கனிமத்தால் ஆனது. பூமியின் மேலோட்டில் சாதாரணமாக அமையற பாறை இல்லை, ஆழத்துச் சரக்கு. பிற்காலத்தில் கரியமில வாயு கலந்த நீர் இதன் விரிசல்களில் புகுந்து, மெக்னீசியத்தைப் பிரிச்சு, வெள்ளை நரம்புகளாக மேக்னசைட்டைப் படிய வச்சிருக்கு. பச்சைப் பாறையில் வலைப்பின்னல் மாதிரி வெள்ளைக் கோடு ஓடும். அதுதான் வெட்டி எடுக்கிற சரக்கு.

குரோமைட் இதுக்கெல்லாம் மூத்தது. டூனைட் உறையும்போதே கூட உறைஞ்சது. அதனால் அது நரம்பாகப் பரவாமல், அங்கங்கே திட்டாக, மெல்லிய பட்டையாக, துண்டு துண்டாக இருக்கும். ஒரு இடத்தில் கையகலம், பத்தடி தள்ளி ஒண்ணுமே இல்லை. சுரங்கக்காரனுக்கு இது பெரிய தலைவலி. நரம்பு தொடர்ந்து போனா அதைப் பிடிச்சுக்கிட்டே போகலாம். திட்டு தீர்ந்துபோச்சுன்னா அடுத்த திட்டு எங்கேன்னு கல்லு சொல்லாது.

அப்படியும் தோண்டினாங்க. இங்கேதான் ஜோசையா மார்ஷல் ஹீத் வர்றார். கிழக்கிந்தியக் கம்பெனியின் சேலத்து வணிக அதிகாரி. கல்லைக் கண்டா விடமாட்டார். 1819–20இல் காங்கேயம் பக்கம் படியூரில் நீலப்பச்சைக் கல்லான பெரில் சுரங்கத்தை நடத்திப் பார்த்தவர் இவர்தான். பிறகு உத்தியோகத்தை விட்டுட்டு, சேலத்து இரும்புத் தாதுவை நம்பி, 1830இல் பரங்கிப்பேட்டையில் இரும்பு ஆலை தொடங்கினார். அப்ப அந்த ஊர் போர்ட்டோ நோவோ. சேலத்தில் இரும்பு தேடின அதே கம்பெனி, வெள்ளைக்கல் மலையில் குரோமைட்டையும் தோண்டி இங்கிலாந்துக்கு அனுப்பியது. இன்னொரு தகவல்: அவரே உயிரியல் மாதிரிகளும் சேகரிச்சவர். நம்ம ஊர்ப் பழைய கட்டடங்களில் பறக்கிற மஞ்சள் வௌவால் ஒண்ணுக்கு அறிவியல் பேரே ஸ்கோடோஃபிலஸ் ஹீத்தி.

இந்தக் குரோமைட் குழிகளைப் பத்தி எழுதி வச்சவர் நியூபோல்ட், மெட்ராஸ் ராணுவ அதிகாரி. 1843இல் ராயல் ஏசியாட்டிக் சொசைட்டி இதழில் தென்னிந்தியக் கனிம வளங்கள்னு ஒரு தொடர் எழுதினார். அதில் சேலம் மாவட்டத்துக் குரோமைட் சுரங்கங்களுக்குன்னே ஒரு தனிப் பகுதி. அன்றைக்கு வழக்கில் இருந்த பேர் "குரோமேட் ஆஃப் அயர்ன்".

அந்த வேலை எப்படி நடந்திருக்கும்னு யோசிங்க. டைனமைட் கண்டுபிடிக்க இன்னும் இருபத்தஞ்சு வருஷம் இருக்கு. கடப்பாரை, சம்மட்டி, உளி, கூடை. உடைச்ச கல்லைக் குவிச்சு வச்சு, கையால் பொறுக்கணும். குரோமைட்டைப் பொறுக்கறது அவ்வளவு கஷ்டமில்லை. கறுப்பாக, மங்கலான உலோகப் பளபளப்போட இருக்கும். கையில் எடுத்தாலே தெரியும், அதே அளவு சாதாரணக் கல்லைவிட ஒன்றரை மடங்கு கனம். ஓட்டில் தேய்ச்சா பழுப்புக் கோடு விழும். அப்புறம் வண்டி. சேலத்துக்கு ரயில் வந்தது 1860களின் தொடக்கத்தில்தான். அதுவரை கடற்கரைக்கு ஏறக்குறைய 200 கிலோமீட்டர், மாட்டுவண்டி வேகத்தில். அங்கிருந்து கப்பல், சூயஸ் கால்வாய் கிடையாது, ஆப்பிரிக்காவைச் சுத்தித்தான் போகணும். ஒரு கூடைக் கறுப்புக் கல்லு கருப்பூரிலிருந்து கிளாஸ்கோ போய், யாரோ ஒருத்தரோட பாவாடையில் மஞ்சள் பூவாக முடியும்.

ஏன் நின்னுச்சு

எதிர்முனையில் யாருன்னா, பால்டிமோரைச் சேர்ந்த ஐசக் டைசன். அமெரிக்காவில் மேரிலாந்து, பென்சில்வேனியா பகுதியில் கிடைத்த குரோமைட்டையெல்லாம் வளைச்சுப்போட்டு, 1820களின் கடைசியிலிருந்து 1850 வரைக்கும் உலகச் சந்தையைக் கையில் வச்சிருந்தார். அவருக்குப் போட்டியாக யாராவது வந்தால் வாங்க பிரிட்டிஷ்காரங்க தயார். கருப்பூருக்குச் சந்தை இருந்ததே அந்த இடைவெளியால்தான்.

1848இல் துருக்கியில் பெரிய குரோமைட் படிவம் தெரிய வந்தது. லாரன்ஸ் ஸ்மித் என்கிற அமெரிக்கர் அங்கே போய்ப் பார்த்துச் சொன்னார். துருக்கியிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பல் தூரம் எவ்வளவு, சென்னையிலிருந்து எவ்வளவு? டைசனின் ஆதிக்கமே அதில் சரிஞ்சது. கருப்பூர் எம்மாத்திரம். ஹீத்தின் இரும்புக் கம்பெனியும் பேர் மாறி, கைமாறி, நஷ்டத்திலேயே முடிஞ்சது.

1896இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் மிடில்மிஸ் இந்த மலையைப் பத்தி விரிவாக எழுதினார். அவர் காலத்தில் குரோமைட் வேலை பழங்கதை. பிறகு இந்தியாவில் குரோமைட் சுரங்கத் தொழில் மறுபடி எழுந்தது பலுசிஸ்தானில், 1903இல். அப்புறம் மைசூர், சிங்பூம். 1949இல் சுகிந்தா. கருப்பூர் பக்கம் யாரும் திரும்பலை. மேக்னசைட் வெட்டறவங்களுக்கு வழியில் வர்ற குரோமைட், ஒதுக்கித் தள்ள வேண்டிய கறுப்பு அழுக்கு.

என் வேலை சாப்ட்வேர். எங்க ஆபீஸில் ஒரு ஃபங்ஷனை "டெப்ரிகேட்"னு குறிச்சா, அந்தக் கோடு தப்புன்னு அர்த்தம் இல்லை. அது இன்னும் ஓடும். அதைக் கூப்பிட ஆள் இல்லை, அவ்வளவுதான். கருப்பூர் குரோமைட்டுக்கு நடந்தது அதேதான். கல்லு மாறலை. கூப்பிட்டவங்க வேற இடத்துக்குப் போயிட்டாங்க.

சித்தம்பூண்டி: தெளிய விட்ட ரசம்

இப்ப தெற்கே வாங்க. திருச்செங்கோட்டுக்குத் தெற்கே, பரமத்தி வேலூருக்கு வடக்கே, மேட்டாங்காடு. சோளம், கடலை, வெள்ளாடு, போர்வெல் லாரி. சித்தம்பூண்டி, குன்னமலை, கருங்கல்பட்டின்னு ஊர்கள். ரோட்டோரம் கிடக்கிற கல்லைக் கொஞ்சம் கவனிச்சுப் பாருங்க. வெள்ளைக் கல்லில் கறுப்பு வரி. வரிக்குதிரை மாதிரி, பல கிலோமீட்டர் நீளத்துக்கு அதே ஜாடை.

இந்தப் பாறைக்கு வயசு கிட்டத்தட்ட 250 கோடி ஆண்டு. வெள்ளைப் பகுதி அனார்த்தோசைட். அதில் பெரும்பங்கு அனார்த்தைட், கால்சியம் மிகுந்த ஃபெல்ஸ்பார் கனிமம். கறுப்பு வரிகளில் சில ஹார்ன்பிளெண்டு, சில பைராக்சின், சில குரோமைட்.

வரிவரியாக எப்படி வந்துச்சு? ரசம் வச்சு இறக்கி, கலக்காமல் விட்டால் என்ன ஆகும்? பருப்பும் மண்டியும் அடியில், தெளிவு மேலே. பூமிக்கடியில் ஒரு பெரிய அறை நிறையப் பாறைக்குழம்பு மெதுவா ஆறும்போதும் இதே கதை. முதலில் உறையற படிகங்களில் குரோமைட் ஒண்ணு. கனம் அதிகம், அடியில் படியும். ஃபெல்ஸ்பார் லேசு, அது தனியாகச் சேரும். புதுக் குழம்பு உள்ளே வரும், மறுபடி ஒரு வரிசை. இப்படி அடுக்கடுக்காக வந்ததை அடுக்குப்பாறைத் தொகுதின்னு சொல்றாங்க. கருப்பூரில் திட்டுத்திட்டாக இருந்த குரோமைட், இங்கே தாளில் கோடு போட்ட மாதிரி பட்டையாக இருக்கறதுக்குக் காரணம் இதுதான். பட்டைகள் சில சென்டிமீட்டரிலிருந்து சில மீட்டர் வரைக்கும் இருக்கும்.

ஆனா கதை அதோட முடியலை. அந்த அறை மொத்தமும் பிறகு பூமியின் ஆழத்துக்குத் தள்ளப்பட்டு, கடும் சூட்டிலும் அழுத்தத்திலும் வெந்து, மடிஞ்சு, மறுபடி மேலே வந்திருக்கு. தெளிஞ்ச ரசத்தைப் பாத்திரத்தோட சேர்த்து நசுக்கின மாதிரி. பட்டைகள் வளைஞ்சிருக்கு, அறுந்திருக்கு. இதுக்கு ஜோடி சொல்லணும்னா, புவியியலாளர்கள் கிரீன்லாந்தின் ஃபிஸ்கெனாசெட் தொகுதியைச் சொல்வாங்க.

இந்த மண் உலகத்துக்கு அறிமுகமானது குரோமைட்டால் இல்லை, குருந்தத்தால். சாணைக்கல்லுக்குப் பயன்படற, வைரத்துக்கு அடுத்த கடினமுள்ள கல். ஆங்கிலத்தில் கொரண்டம்னு சொல்றாங்களே, அந்தச் சொல்லே நம்ம குருந்தத்திலிருந்து போனதுதான். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கத்துக் குருந்தக் கல் லண்டனுக்குப் போனது. அதோட ஒட்டிக்கிட்டுப் போன வெள்ளைக் கனிமத்தை 1802இல் பூர்னோன் என்கிற பிரெஞ்சுக்காரர் விவரித்து "இந்தியனைட்"னு பேர் வச்சார். அதுதான் நம்ம அனார்த்தைட். மூட்டைக்குள் கூடப் போன தூசிக்கு நாட்டோட பேர் கிடைச்சுது.

முழுத் தொகுதியையும் முறையாக ஆராய்ந்து உலகத்துக்குச் சொன்னவர் ஏ.பி. சுப்ரமணியம். 1956இல் அமெரிக்கப் புவியியல் சங்கத்தின் இதழில் வந்த அவருடைய கட்டுரை இன்றைக்கும் இந்தத் துறைக்கு வாசல்படி.

குரோமைட்டைப் பார்க்கத் தோண்டின பழைய குழிகள் கருங்கல்பட்டிப் பக்கம் இருக்கு. பெரிய சுரங்கமாக ஏன் வளரலை? இங்கே காரணம் தூரம் இல்லை, கல்லோட உள்ளடக்கம். உருக்குக்கான குரோமைட்டுக்குப் பழைய அளவுகோல் ஒண்ணு உண்டு: 45 சதவீதத்துக்கு மேல் குரோமிக் ஆக்சைடு, குரோமியம் இரும்பைப் போல மூணு மடங்கை நெருங்கணும். சித்தம்பூண்டிக் குரோமைட்டில் குரோமிக் ஆக்சைடு அதைவிட நல்லாவே கம்மி. குரோமியம் உட்கார வேண்டிய இடத்தில் அலுமினியமும் இரும்பும் உட்கார்ந்திருக்கு. குரோமைட்டுன்னு பேர் இருந்தாலும் உலைக்காரன் கேட்ட குரோமைட் இல்லை.

அளவுகோலும் நகரும்

இதில் ஒரு விஷயம் கவனிங்க. அந்த அளவுகோல் கல்லில் எழுதினது இல்லை. குரோமியத்தை உருக்கில் சேர்க்கும்போது கூடவே வர்ற கார்பனை எப்படி வெளியேத்தறதுங்கிறது பெரிய பிரச்சினையாக இருந்த காலத்து அளவுகோல். 1960களின் கடைசியில் ஆர்கானையும் ஆக்சிஜனையும் சேர்த்து ஊதிக் கார்பனை எரிக்கிற முறை ஆலைகளுக்கு வந்தது. அதுக்கப்புறம் தரம் குறைஞ்ச குரோமைட்டிலிருந்து வர்ற ஃபெரோகுரோமும் ஓடும்னு ஆச்சு. தென்னாப்பிரிக்காவின் புஷ்வெல்டு தொகுதியில் இருக்கிற கோடிக்கணக்கான டன் சுமார் ரகக் குரோமைட், ஒரே தலைமுறையில் நல்ல தாதுவாக மாறிடுச்சு. கல்லு அதேதான். ஊதற குழாய் மாறினது.

அதே புஷ்வெல்டில் யூஜி-2ன்னு ஒரு குரோமைட் பட்டை. அதில் குரோமைட்டைவிட விலை உயர்ந்த ஒண்ணு ஒளிஞ்சிருக்கு: பிளாட்டினம். டன்னுக்குச் சில கிராம்தான், ஆனா இன்றைக்கு உலகப் பிளாட்டினத்தின் பெரிய ஊற்று அந்தப் பட்டைதான்.

இப்ப புரியுதா, சித்தம்பூண்டிக்கு ஏன் மறுபடி ஆளுங்க வர ஆரம்பிச்சாங்கன்னு? அடுக்குப்பாறை, நடுவில் குரோமைட் பட்டை, அப்ப பிளாட்டினமும் இருக்குமா? இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை இந்தப் பட்டைகளில் துளையிட்டு ஆராய்ந்தது. பிளாட்டினம் வகை உலோகங்கள் இருக்கறது தெரிய வந்தது. 2023இல் மத்திய அரசு 30 முக்கியக் கனிமங்களின் பட்டியலை வெளியிட்டது. அதில் பிளாட்டினம் வகை இருக்கு. குரோமியம் இல்லை. ஒரே கல்லுக்குள் ஒரு தனிமம் பட்டியலில், இன்னொண்ணு வெளியே.

அந்தப் பக்கம் காட்டுக்காரர் ஒருத்தர்கிட்ட பேசினேன். "வருசத்துக்கு ஒருக்கா யாராச்சும் சுத்தியலோட வருவாங்க தம்பி. கல்லை உடைச்சு, பையில போட்டு, நம்பர் எழுதிட்டுப் போயிருவாங்க. என்ன இருக்குதுங்கன்னு கேட்டா, பார்த்துச் சொல்றோம்பாங்க." அவர் சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார். ஆனா மூணு ஏக்கர் காடு, ஒரு கிணறு, அதை நம்பி ஒரு குடும்பம். "பார்த்துச் சொல்றோம்" என்கிற வார்த்தை அவங்க தலைமேல் தலைமுறையாகத் தொங்குது.

வேண்டாத வெள்ளை நிலாவுக்குப் போன கதை

குரோமைட்டைத் தேடினவங்க கண்ணுக்கு வெள்ளை அனார்த்தோசைட் கழிவு. உடைச்சு ஓரமாகக் கொட்ட வேண்டியது. அந்தக் கழிவுக்கு வந்த வாழ்வு தெரியும்ல?

நிலாவில் வெளிச்சமாகத் தெரியற மேட்டுப் பகுதி முழுக்க அனார்த்தோசைட். நிலா பிறந்த புதிதில் மேல்பரப்பு மொத்தமும் உருகின குழம்பு. லேசான ஃபெல்ஸ்பார் மேலே மிதந்து, ஆடை கட்டி, உறைஞ்சது. சந்திரயான்-2க்காக லேண்டரையும் ரோவரையும் பூமியில் சோதிக்க, நிலா மண் மாதிரியே ஒரு மண் இஸ்ரோவுக்கு வேணும். அமெரிக்காவிலிருந்து வாங்கினால் கிலோவுக்குச் சுமார் 150 டாலர், தேவையோ டன் கணக்கில். அப்ப பெங்களூரு செயற்கைக்கோள் மையத்தின் இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை. எங்க பொள்ளாச்சிப் பக்கத்துக் கோதவாடிக்காரர், பொள்ளாச்சி என்.ஜி.எம். கல்லூரியில் படிச்சவர். சித்தம்பூண்டி, குன்னமலைக் கல்லின் சேர்மானம் நிலா மேட்டுமண்ணோட பொருந்துதுன்னு தெரிஞ்சு, சேலம் பெரியார் பல்கலைக்கழகப் புவியியல் துறையின் துணையோட ஏறக்குறைய 50 டன் கல் அங்கிருந்து போனது. பொடியாக்கி, சலிச்சு, நிலாவில் இருக்கிற துகள் அளவுக்குக் கொண்டு வந்தாங்க. அந்தத் தயாரிப்பு முறைக்கு 2020 மே மாதம் இஸ்ரோவுக்குக் காப்புரிமையும் கிடைச்சுது.

பெரியார் பல்கலைக்கழகம் எங்கே இருக்குன்னு கேளுங்க. கருப்பூரில். 180 வருஷத்துக்கு முன்னாடி குரோமைட் தோண்டி விட்டுட்டுப் போன அதே வெள்ளைக்கல் மலை ஓரத்தில்.

தாதுன்னா என்ன

புத்தகத்தில் தாதுக்கு ஒரு வரையறை உண்டு: லாபத்தோட எடுக்க முடியற கனிமம். படிக்கும்போது சாதாரணமாகத் தெரியும். ஆனா அதில் பாதி புவியியல், பாதி கணக்குவழக்கு. 250 கோடி வருஷமாகக் கல்லு அப்படியே இருக்கு. கடைசி 200 வருஷத்தில் மட்டும் அதுக்குச் சாயச்சரக்கு, அழுக்கு, தரம் குறைஞ்சது, பிளாட்டினம் இருக்கக்கூடியது, நிலா மண்ணுன்னு எத்தனை பேர். ஒவ்வொரு பேரும் கிளாஸ்கோவிலோ பால்டிமோரிலோ டெல்லியிலோ பெங்களூரிலோ முடிவாச்சு. மேட்டாங்காட்டில் ஒரு பேரும் முடிவாகலை.

விட்டுட்டுப் போறதிலும் ஒரு கணக்கு இருக்கு. இந்தியாவில் சுரங்கத்தை மூடும் திட்டம் கட்டாயம்னு விதி வந்தது 2003இல்தான். அதுக்கு முன்னாடி விட்டுப்போன குழிக்குப் பொறுப்பாளி யாருன்னு கேட்டா, பல இடத்தில் யாருமே இல்லை. மழைக்குத் தண்ணி நிக்கும், ஆடு விழும், பசங்க குளிக்கப் போவாங்க.

குரோமியத்தில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மை. பாறைக்குள் இருக்கிற குரோமியம் பெரும்பாலும் சாது. சோடா உப்போட வறுத்து பைகுரோமேட் ஆக்கினா அது ஆறு இணைதிறன் குரோமியம், புற்றுநோய் தரக்கூடியது, தண்ணியில் கரையும். ராணிப்பேட்டையில் தமிழ்நாடு குரோமேட்ஸ் ஆலை 1990களின் நடுவில் மூடினப்ப விட்டுட்டுப் போனது ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குரோமியக் கழிவு. நிலத்தடி நீர் மஞ்சளாச்சு. ஒடிசாவின் சுகிந்தா 2007இல் உலகின் மிக மாசுபட்ட பத்து இடங்களின் பட்டியலில் வந்தது. கருப்பூரும் சித்தம்பூண்டியும் தப்பிச்சதுன்னுகூடச் சொல்லலாம். தரம் குறைவாக இருந்தது அந்த ஊர்க் கிணறுகளுக்கு நல்லதாப் போச்சு.

சுரங்கமே வேண்டாம்னு நான் சொல்ல வரலை. எவர்சில்வர் டம்ளரில் காபி குடிச்சுக்கிட்டு அதைச் சொன்னா நல்லா இருக்காது. சுகிந்தாவில் யாரோ ஒருத்தர் ஊர்த் தண்ணியை விலையாகக் கொடுத்துத்தான் அந்த டம்ளர் வருது. ஆனா அடுத்த தடவை நியூஸில் "நாமக்கல்லில் பிளாட்டினம்", "சேலத்தில் அரிய கனிமம்"னு வரும்போது, எத்தனை டன், எத்தனை கோடின்னு மட்டும் பார்க்காதீங்க. இது யாருக்குத் தாது, எத்தனை வருஷத்துக்கு, போகும்போது குழியை மூடறது யார் செலவு? இந்த மூணையும் கேளுங்க. பதில் துளையிடறதுக்கு முன்னாடி எழுத்தில் இருக்கணும்.

நேரம் கிடைச்சா பரமத்தி வேலூர் போற வழியில் வண்டியை ஓரமாக நிறுத்தி, அந்த வரிக்கல்லைப் பாருங்க. காட்டுக்குள் போறதா இருந்தா காட்டுக்காரங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போங்க. பழைய குழி ஓரம் மண் இளகி இருக்கும், எட்டியே நில்லுங்க. உங்க ஊர்ப் பக்கமும் இப்படி விட்டுப்போன குழி இருந்தா, அதுக்கு ஊர்ல என்ன பேர் சொல்றாங்கன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடில் படியூர் பெரில் கல்லும் ரோமாபுரிக் காசும். வர்றேனுங்க.